மாமனாருக்கு எட்டே முக்கால் மார்க்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் நலமா என்பதை நீங்கள் எழுதித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டபடியால், நலம் என்று நானே வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

இதைக் காகிதத்தில் பேனாவால் எழுதுவதற்குக் காரணம் உண்டு. காகிதத்தில் எழுதிய கடிதத்துக்கு எந்த மெஷினும் மார்க் போடாது. நான் முப்பத்து நான்கு வருடம் தபால் பிரிக்கிற மேஜையில் நின்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த முப்பத்து நான்கு வருடத்தில் என் கையிலிருந்து ஒரு கடிதம் குப்பைக்குப் போனதில்லை. விலாசம் மழையில் கரைந்து வந்த கடிதம் உண்டு. "மஞ்சள் கேட் வீட்டு அக்காவுக்கு" என்று மட்டும் எழுதி வந்த கடிதம் உண்டு. அந்த அக்காவைக் கண்டுபிடித்துக் கையில் கொடுத்தோம், அதற்குள் கேட்டுக்குப் பச்சை அடித்திருந்தார்கள், அப்படியும் கொடுத்தோம். அப்பேர்ப்பட்ட ஆளின் கடிதம் இன்று எங்கே கிடக்கிறது என்று நினைத்தால் எனக்குக் காது இரண்டும் சூடாகிறது.

முதலிலிருந்து சொல்கிறேன், அப்போதுதான் யார் மேல் தப்பு என்று உங்களுக்கே விளங்கும். போன வருடம் நீங்கள் வந்திருந்தபோது, "இலவசப் பெட்டியெல்லாம் வேண்டாம் மாமா, நம்ம குடும்பப் பேர்லயே ஒரு விலாசம் வாங்கிடலாம்" என்று ஆரம்பித்தது நீங்கள். நான் கேட்கவில்லை. எங்கோ கடல் தாண்டி, குளிரூட்டிய கட்டடத்தில், யாரோ வாடகைக்கு விட்டிருக்கும் கம்ப்யூட்டரில் எனக்கு ஒரு பெட்டியும் உங்களுக்கு ஒரு பெட்டியும் வைத்தீர்கள். வீட்டுக்காரர் யார் என்று கேட்டேன், சிரித்தீர்கள். என் தபால் பெட்டி நான் பார்த்தே இராத வீட்டில் தொங்குகிறது என்ற கவலை எனக்கு அன்றே வந்தது, விருந்தாளியிடம் சொல்ல வேண்டாமென்று இருந்துவிட்டேன்.

பெட்டி வைத்த பத்தாவது நாள் ஆரம்பித்தது. என் பெயருக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்று ஒருவர். எடை குறைய வேண்டுமா என்று ஒருவர். எந்த நாட்டிலோ ஒரு தளபதி இறந்துபோய், அவர் மனைவி அழுதுகொண்டே எனக்கு எழுதியிருந்தார். முன்பின் தெரியாதவர்தான், இருந்தாலும் துக்கத்தில் இருப்பவருக்குப் பதில் போடாமல் எப்படி இருப்பது? நாலு வரி ஆறுதல் எழுதினேன். மறுநாள் அவர் "அன்பே" என்று தொடங்கிப் பதில் எழுதினார், அதை உங்கள் அத்தை பார்த்துவிட்டாள். அன்று எனக்குச் சாப்பாடு மேஜையில் தனியாக வைக்கப்பட்டது.

மற்ற கடிதங்களை நான் முறைப்படி செய்தேன். வாங்க விருப்பமில்லாத கடிதத்தை என்ன செய்வது என்பதற்கு எங்கள் இலாகாவில் வழி இருக்கிறது. "விலாசதாரர் வாங்க மறுத்தார்" என்று காரணம் எழுதி, தேதி போட்டு, அனுப்பியவருக்கே திருப்பிவிட வேண்டும். அப்படியே ஒவ்வொன்றுக்கும் எழுதித் திருப்பினேன். காலையில் காபி குடித்துவிட்டு உட்கார்ந்தால் பதினோரு மணி வரை அதே வேலை. நான் திருப்பத் திருப்ப அவர்கள் இரட்டிப்பாக அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் நாளுக்கு இருபது என்பது இருநூறானது. மறுத்துத் திருப்பிய வீட்டுக்கே மறுபடியும் கடிதம் போடும் வெட்கங்கெட்ட கூட்டத்தை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை.

உங்களிடம் சொன்னதும், "ஐயோ மாமா, பதில் போட்டீங்களா? பதில் போட்டா இங்க ஆள் இருக்காங்கன்னு தெரிஞ்சுடுமே!" என்றீர்கள். ஆள் இருக்கும் வீட்டில் ஆள் இல்லாததுபோல் உட்கார்ந்திருக்க நான் என்ன திருடனா? சரி, மெயிலை வடிகட்டிவிடலாம் என்றீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போனிலேயே ஆரம்பித்தோம். உங்கள் அத்தை போனைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றாள்.

"மாமா, வலது பக்கம் மேல பல்சக்கரம் மாதிரி ஒண்ணு இருக்கா?"

"பூ மாதிரி ஒண்ணு இருக்கு."

"அதேதான். அதை அழுத்துங்க."

"பூவை அழுத்தச் சொல்றார்," என்றாள் உங்கள் அத்தை, நான் ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்பதை மறந்து.

பூவை அழுத்தி, மூன்று கோட்டை அழுத்தி, கட்டத்துக்குள் டிக் போட்டு, ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு விளக்கினீர்கள். வருகிற ஒவ்வொரு மெயிலுக்கும் மெஷின் மார்க் போடும். தலைப்பில் அவசரம், அதிர்ஷ்டம் என்று வந்தால் மார்க். சந்தேகமான ஆள் என்றால் மார்க். கூட்டிப் பார்த்து ஐந்தைத் தாண்டினால் குப்பைக் கூடை. அதிக மார்க் வாங்கினவனை ஃபெயிலாக்குகிற பரீட்சையை நான் அன்றுதான் கேள்விப்பட்டேன். "நீங்க எதைக் குப்பைன்னு அழுத்துறீங்களோ, அதைப் பார்த்து அதுவும் கத்துக்கும் மாமா" என்றீர்கள். கடைசியாக, "வாரத்துக்கு ஒரு தடவை அந்தக் கூடையைத் திறந்து பாத்துடுங்க, நல்ல லெட்டரும் சில சமயம் தவறி விழும்" என்றீர்கள். நான் சரி என்றேன். ஆனால் கூடையைக் கிளறுகிற பழக்கம் எங்கள் பரம்பரையில் கிடையாது, இதுவரை அதை நான் திறந்ததும் இல்லை.

அதற்குப் பிறகும் சில மெயில்கள் வடிகட்டியைத் தாண்டி வந்துகொண்டுதான் இருந்தன, முக்கியமாக முடி வளரும் தைலம். திருப்பக் கூடாது என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள். குப்பை என்று அழுத்த என் கை வரவில்லை. அப்போதுதான் எங்கள் இலாகாவின் இன்னொரு வழி நினைவுக்கு வந்தது. தவறான விலாசத்துக்கு வந்த கடிதத்தை உரியவருக்கு மறு விலாசம் இட்டு அனுப்புவது. எனக்கு அறுபத்தெட்டு வயதிலும் தலை நிறைய முடி. ஆக அந்தக் கடிதங்கள் எனக்கு உரியவை அல்ல. போன தடவை எங்கள் மாடிப்படியில் நீங்கள் குனிந்து ஷூ மாட்டும்போது நான் இரண்டு படி மேலே நின்றிருந்தேன். உச்சந்தலையை நன்றாகப் பார்த்தேன். கடிதங்கள் யாருக்கு உரியவை என்பதில் எனக்கு அப்புறம் சந்தேகமே இல்லை. வந்த நாற்பத்தொன்றையும், ஒன்று விடாமல், அன்றன்றைக்கே உங்களுக்கு அனுப்பிவைத்தேன். எடை குறைகிற மெயில் ஒன்றைச் சம்பந்தி அம்மாவுக்கும் அனுப்பினேன், அதிலிருந்து அவர் உங்கள் அத்தையிடம் பேசுவதில்லை, அது வேறு கதை.

இத்தனை சிரமத்துக்கும் உங்களிடமிருந்து வந்தது இரண்டு வரி. "மாமா, தயவுசெய்து இதையெல்லாம் எனக்கு அனுப்பாதீங்க. இது எல்லாமே குப்பை." படித்தேன். மறுபடியும் படித்தேன். மாமனார் அக்கறையோடு அனுப்பியது குப்பை! எனக்கும் கோபம் வரும் மாப்பிள்ளை. அந்த இரண்டு வரியை, என் வாழ்க்கையில் முதல் தடவையாக, குப்பை என்று அழுத்தினேன். மெஷின் உடனே ஏதோ கேட்டது, இவருடையது எல்லாவற்றையும் இனி இப்படியே செய்யவா என்கிற மாதிரி. கோபமாக இருக்கும்போது கேட்டதால் ஆமாம் என்று அழுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன்.

இதெல்லாம் சில்லறை விஷயம். பெரிய விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் வீட்டுக் கீழ் அறை காலியாகிறது, வந்துவிடுங்கள் என்று நீங்கள் நேரில் ஒரு தடவை கூப்பிட்டீர்கள், மகள் மூலம் இரண்டு தடவை கூப்பிட்டீர்கள். மூன்று தடவையும் முடியாது என்றேன். மாப்பிள்ளை வீட்டில் போய் உட்கார்வதா என்று எனக்கு ஒரு இது. ஆனால் உங்கள் அத்தை முட்டிவலி வந்து தெருவில் கால் வைத்து நான்கு மாதம் ஆகிறது. மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. பின்பக்க ஜன்னலில் நாற்காலி போட்டு, எதிர்ச் சலவைக் கடையில் யார் யார் துணி போடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒருநாள், "அந்தப் பச்சைச் சட்டைக்காரர் நாலு நாளா வரலை, உடம்பு சரியில்லையோ என்னமோ" என்று என்னிடம் கவலைப்பட்டாள். அன்றைக்குத்தான் எனக்குள் ஏதோ உடைந்தது. மாதக் கடைசிக்குள் உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லாவிட்டால் அறை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று மகள் சொல்லியிருந்தாள். மூன்றாம் தேதி உட்கார்ந்து உங்களுக்கு எழுதினேன். போனில் சொல்கிற விஷயமா இது? அந்த வீட்டுக்குத் தலைவர் நீங்கள், உங்களுக்கு எழுத்தில் சொல்வதுதான் முறை. தலைப்பில் "அவசரம்" என்று போட்டேன். "நீங்கள் அளித்த அரிய வாய்ப்பை ஏற்று, மாதக் கடைசிக்குள் இருவரும் வருகிறோம்" என்று எழுதினேன். அந்த ஒரு வரியை யோசிக்க அதற்கு முன் எனக்கு இரண்டு நாள் பிடித்திருந்தது.

எழுதிவிட்டேன் என்று உங்கள் அத்தையிடம் சொன்னேன். அவள் அன்று மாலையே பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். நான் தினமும் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரு நாள், இரண்டு நாள், பத்து நாள். தைலம் வந்தது, தளபதி மனைவி வந்தார், உங்கள் பதில் வரவில்லை. "மாப்பிள்ளை என்ன சொன்னார்?" என்று அவள் கேட்கும்போதெல்லாம், "வேலையா இருப்பார்" என்று சொல்லிச் சமாளித்தேன். மனசு மாறிவிட்டார்கள்போல, நாம் மூன்று தடவை மறுத்தது நல்லதாகப் போயிற்று என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்போல என்று எனக்குள் ஓடியது. அந்தப் பத்து நாளும் ராத்திரியில்கூட எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்தாள். நான் ஜாடையாக, "மாப்பிள்ளைக்கு லெட்டரெல்லாம் ஒழுங்கா போய்ச் சேருதா?" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே, "உங்க மெயிலெல்லாம் அவருக்குக் குப்பையிலதான்பா போய் விழுது" என்றாள். சிரித்துக்கொண்டே! நான் போனை வைத்தேன். அன்றிலிருந்து போனை அணைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். யார் யாரோ சும்மா கூப்பிடுகிறார்கள், கம்பெனிக்காரர்கள் தொல்லை என்று உங்கள் அத்தையிடம் சொல்லியிருக்கிறேன்.

மகள் சொன்னதை மட்டும் வைத்து முடிவு செய்கிறவன் அல்ல நான். திங்கட்கிழமை தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போய், அங்கிருக்கும் போனிலிருந்து அந்த வாடகைக் கம்ப்யூட்டர் கம்பெனியையே கூப்பிட்டேன். இருபது நிமிடம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண் வந்தாள், நல்ல மரியாதையான பெண்.

"சார், நீங்க மூணாம் தேதி அனுப்பின மெயில் அந்தப் பெட்டிக்குப் போயிடுச்சு. ஆனா எட்டு புள்ளி ஏழு அஞ்சு வாங்கியிருக்கு. அதனால குப்பைக்குப் போயிடுச்சு."

"எட்டே முக்காலா? எதுக்கும்மா அவ்வளவு?"

"மெஷின் காரணம் எழுதி வச்சிருக்கு சார். 'அவசரம்' ஒரு மார்க். 'அரிய வாய்ப்பு' ஒண்ணரை. 'மாதக் கடைசிக்குள்' முக்கால்."

"மூணே கால்தானே வருது? அஞ்சைத் தாண்டலையே."

"மிச்சம் அஞ்சரை உங்க பேருக்கு சார்."

மாப்பிள்ளை, இதை நிதானமாகப் படியுங்கள். ஐந்து தாண்டினால் குப்பை. என் பெயருக்கு மட்டும் ஐந்தரை. நான் ஒரு எழுத்தும் எழுதாமல் வெறும் தாளை அனுப்பினாலும் என் பெயரைப் பார்த்தே உள்ளே தள்ளிவிடும்! எப்படி இது என்றேன். "அந்தப் பெட்டிக்காரர் உங்க மெயிலை நாப்பத்தோரு தடவை குப்பைன்னு அழுத்தியிருக்கார் சார். அதைப் பார்த்து மெஷின் கத்துக்கிச்சு" என்றாள். நாற்பத்தொன்று! நான் அனுப்பிய தைலம் நாற்பத்தொன்று, நீங்கள் அழுத்தியது நாற்பத்தொன்று. ஒரு தடவைகூட விரல் வலிக்கவில்லையா? இரண்டு பெட்டியும் ஒரே கட்டடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறதாம். எங்கள் ஆபீஸில் என்றால் ஒரு கை நீட்டிப் பக்கத்து அறையில் போடுகிற தூரம். அந்தத் தூரத்தில் என் கடிதம் காணாமல் போயிருக்கிறது. அந்தப் பெண், "சார், இன்னொண்ணு சொல்லணும், உங்க பெட்டியிலயும் இதே மாதிரி…" என்று ஏதோ தொடங்கினாள். எனக்கு அதற்கு மேல் கேட்கப் பொறுமை இல்லை, வைத்துவிட்டேன்.

ஆகவே, மூன்றாம் தேதி நான் எழுதியதை இந்தக் கடிதத்தின் மூலம் வாபஸ் வாங்குகிறேன். பெயருக்கே ஐந்தரை மார்க் வாங்கிய ஆள் உங்கள் வீட்டுக் கீழ் அறையில் வந்து படுத்தால் அழகாக இருக்காது. அறை யாருக்கு வேண்டுமானாலும் போகட்டும். நாங்கள் இங்கேயே இருந்துகொள்கிறோம். இதை உங்கள் அத்தையிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சமையலறையில் இரண்டு டம்ளரும் ஒரு வாணலியும்தான் வெளியே இருக்கின்றன, மற்றது எல்லாம் கட்டி, எந்தப் பெட்டியில் எது என்று மேலே எழுதி ஒட்டியிருக்கிறாள். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது எட்டிப் பார்த்து, "என்ன, இவ்வளவு நேரமா எழுதுறீங்க?" என்றாள். கரண்ட் ஆபீஸுக்கு என்றேன். "இணைப்பை எடுக்கச் சொல்லிடுங்க, மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளிடம் எந்த வாயால் சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு.

கோபம் வேறு, ஆசீர்வாதம் வேறு. நீங்களும் என் மகளும் நோய்நொடி இல்லாமல், சண்டை சச்சரவு இல்லாமல், நிறைவாக இருக்க வேண்டும். இதை மனசார எழுதுகிறேன், இதற்கு எவ்வளவு மார்க் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
எட்டே முக்கால் வாங்கிய
உங்கள் மாமனார்

பின்குறிப்பு (உறையின் பின்பக்கம்):

மாப்பிள்ளை, முதலில் இதைப் படியுங்கள். உள்ளே இருப்பதைத் திறக்கவே வேண்டாம். தபால் ஆபீஸில் பசை மேஜை முன்னால் நின்றுகொண்டு, பொடி எழுத்தில் எழுதுகிறேன்.

நான் உறையை ஒட்டித் தபால்தலையும் ஒட்டிக்கொண்டிருந்தபோது, உங்கள் அத்தை, "மாப்பிள்ளை பதில் போட்டாரான்னு நானே பாக்குறேன்" என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அவள் வீட்டுக் குப்பையையே ஒரு தடவை கிளறிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வைப்பாள், என் மூக்குக்கண்ணாடியை இரண்டு தடவை அப்படித்தான் மீட்டிருக்கிறாள். நேராகக் குப்பைக் கூடையைத் திறந்தாள். உள்ளே நீங்கள். ஒன்றல்ல, நான்கு கடிதம். கடைசியாக வந்ததை அவள் உரக்கப் படித்தாள்.

"மாமா, உங்க லெட்டர் ஞாயித்துக்கிழமைதான் கண்ணுல பட்டுது. நாப்பத்தோரு தடவை குப்பைன்னு அழுத்தினது நான்தான், மன்னிச்சுடுங்க. இனிமே உங்க பேருக்கு மார்க்கே போடக் கூடாதுன்னு மெஷின்கிட்ட சொல்லிட்டேன். அறை நமக்குத்தான், வெள்ளையடிச்சாச்சு. சனிக்கிழமை வேனோட வர்றேன். அத்தை படி இறங்க வேண்டாம், நாற்காலியோட நானும் என் நண்பரும் தூக்கிடுவோம். போனை எடுங்க மாமா. முப்பத்தேழாவது தைலத்தை வாங்கித் தடவினேன், காதோரம் கொஞ்சம் தெரியுது."

உங்கள் அத்தை என்னைப் பார்த்து, "மாமனாரும் மாப்பிள்ளையும் ஒருத்தரை ஒருத்தர் குப்பையில போட்டுட்டு, நடுவுல நான் பாத்திரம் கட்டிட்டு இருக்கேன்" என்றாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. போனை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஒட்டின கடிதத்தைக் கிழிக்க என் கைக்கு வராது. ஆகவே இதைப் போடத்தான் போகிறேன். இன்று வியாழன், இது திங்கட்கிழமை உங்கள் வாசலுக்கு வரும். அப்போது நான் அங்கே இருப்பேன், தபால்காரரிடமிருந்து நானே வாங்கி, "விலாசதாரர் வாங்க மறுத்தார்" என்று எழுதித் திருப்பிவிடுவேன். திருப்பினாலும் அது எங்கேயும் போகாது. எங்கள் பெயருக்கு வருகிற தபாலையெல்லாம் இனி எங்கே அனுப்புவது என்று இப்போதுதான் கவுண்டரில் படிவம் கொடுத்தேன். மறு விலாசம்: மாப்பிள்ளை வீடு, கீழ் அறை.